பாயில் உலர்ந்த பழக்களி



பழத்தின் சாற்றோடு முட்டையும் வெண்ணெயும் சீனியும் சேர்த்து, கொதிநீரின்மேல் ஏந்திய பாத்திரத்தில் மெல்லக் கிளறித் திரளச் செய்யும் இனிப்பு ஒன்றை ஆங்கிலேயர் 'கேர்ட்' என்பர். பாலைத் திரைத்துப் பெறும் கட்டிக்கு உரிய அப்பெயர் பழத்துக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. எலுமிச்சையைக்கொண்டு அவர்கள் செய்துவந்த அப்பக்குவம் வெப்ப நாடுகளுக்கு வந்தபின் கொடித்தோடையையும் மாம்பழத்தையும் தனதாக்கிக்கொண்டது. நம் நாட்டிலும் விருந்தின் முடிவில் அதனைப் பரிமாறும் இல்லங்கள் உண்டு. சுவைக்குக் குறைவில்லை. ஆயினும் குளிர்ப்பெட்டி இல்லாத வீட்டில் அது நெடுநாள் நில்லாது.

முட்டையும் வெண்ணெயும் சீனியும் இன்றி, அடுப்புங்கூட மூட்டாமல், பழக்களியை மாதக்கணக்காகக் காத்துவைக்கும் வழியொன்றை யாழ்ப்பாணத்து மக்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வந்தனர். அதுவே பனாட்டு. பினாட்டு என்று வழங்குவாரும் உளர். அதன் வரலாற்றை இன்று சிறிது நோக்குவோம்.

பனம்பழம் ஆண்டு முழுவதும் கிடைக்கும் பழமன்று. ஆடி, ஆவணி மாதங்களில் அது பழுத்து விழத் தொடங்கும். விழுந்தால் ஒன்றிரண்டாக விழுவதில்லை. வளவெங்கும் வேலியோரமெங்கும் விடியற்காலையில் பழங்கள் கிடக்கும். இரண்டொரு நாள் கவனியாது விட்டால் வண்டு துளைக்கும். புளித்த வாடை எழும். சுட்டுத் தின்றும் பணியாரம் சுட்டும் ஒரு குடும்பம் எவ்வளவைத்தான் முடிக்கும்? இரண்டு மாதத்துப் பெருக்கை எஞ்சிய மாதங்களின் பஞ்சத்துக்கு எவ்வாறு கொண்டுசெல்வது என்ற கேள்விக்கு அக்காலத்து இல்லங்கள் கண்ட விடைதான் பனாட்டு.

அதற்குத் துணைநின்றவை இரண்டு. ஒன்று வெயில், மற்றொன்று சோளகக் காற்று. மாரிமழை ஐப்பசியிலேதான் குடாநாட்டில் வலுக்கும். அதற்கு முன்னுள்ள வறண்ட நாட்களில் தென்மேற்கிலிருந்து ஓயாது வீசும் காற்று, ஈரமான எதனையும் விரைவில் உலர்த்திவிடும். பழம் விழும் காலமும் உலர்த்தும் காற்றின் காலமும் ஒன்றாய் அமைந்தது குடாநாட்டின் நற்பேறு. பழம் கார்த்திகையில் பழுப்பதாயிருந்தால் பனாட்டு என்ற ஒன்றே தோன்றியிராது என்பது என் எண்ணம்.

செய்முறையைக் கேளுங்கள். பழத்தைக் கழுவித் தோலை உரித்துக் கொட்டைகளைப் பிரிப்பர். சிறிது நீர் தெளித்துக் கொட்டையைப் பிசையப் பிசைய, தும்புக்குள் ஒளிந்திருக்கும் செம்மஞ்சட் களி கையோடு வழிந்து வரும். தோளும் மணிக்கட்டும் நோகும் வேலை அது. பெரும்பாலும் பெண்களே அதனைச் செய்தனர். பிசையுமுன் சுவை பார்ப்பதும் உண்டு. சில மரங்களின் பழம் கைக்கும். அத்தகைய களி ஒரு கை கலந்தாலும் பாய் முழுவதும் கெட்டதுதான். எந்த மரம் இனிக்கும், எந்த மரம் கைக்கும் என்பது வீட்டு மூதாட்டியருக்குப் பாடம். அந்தக் கைப்புக்குக் காரணம் சபோனின் வகையைச் சேர்ந்த பொருள்களே என்பதை இலங்கை இரசாயன ஆய்வாளர்கள் 20ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் எடுத்துக் காட்டினர்.

வடித்த களியைப் பந்தரின்மேல் விரித்த பனையோலைப் பாயில் மெல்லியதாகப் பூசுவர். அது காய்ந்தபின் அதன்மேல் மற்றொரு பூச்சு, அதன்மேல் இன்னொன்று. இரவில் பனிபடாமல் மூடிவைப்பர். எல்லாம் உலர்ந்ததும் பாயிலிருந்து உரித்தெடுக்கும்போது, கருஞ்செந்நிறத்தில், தோல்போல் வளையும் தகடு ஒன்று கிடைக்கும். அதனை வெட்டி மடித்து, ஓலைப் பெட்டியில் இட்டு, அடுப்புப் புகை படும் இடத்தில் தொங்கவிடுவர். புகை பட்ட பனாட்டைப் பூச்சி அணுகாது.

இவ்வளவு உழைப்பும் எழுத்தில் ஏறியது எப்போது? கோயில்களையும் அரசர்களையும் பற்றி எழுதிய நம்மவர் பனாட்டுப் பாயைப் பொருட்படுத்தவில்லை. அதனை விரிவாகக் குறித்தவர்கள் பிறநாட்டார். 1850இல் வில்லியம் பெர்குசன் இலங்கைப் பனையைப் பற்றிக் கொழும்பில் ஒரு நூல் வெளியிட்டார். 1859இல் தமது இலங்கை வரலாற்றை வெளியிட்ட எமர்சன் தெனந்து, யாழ்ப்பாணத்துப் பனைகளுக்கு அதில் நல்ல இடம் அளித்தார். அக்காலத்து ஆங்கில நூல்களில் பனாட்டுச் செய்முறை வியக்கத்தக்க நுட்பத்துடன் காணப்படுகிறது. ஏறக்குறைய 15 பூச்சுகள். இரண்டு அல்லது மூன்று கிழமை வெயில். ஒரு பாய்ப் பனாட்டின் விலை 3 முதல் 6 ஷில்லிங் வரை. நிறுத்து விற்கவில்லை, பாய்க்கணக்கில் விற்றனர் என்பதைக் கவனியுங்கள். இராமேசுவரத் தீவினருக்கும் யாழ்ப்பாணத்து ஏழை மக்களுக்கும் ஆண்டிற் பல மாதங்களுக்கு அதுவே முக்கிய உணவு என்றும் அக்குறிப்புக் கூறுகிறது.

இக்கடைசிச் செய்தியை நாம் எளிதாகக் கடந்துவிடலாகாது. இன்று நாம் பனாட்டைப் பழைய காலத்துத் தின்பண்டம் என்று எண்ணிப் புன்னகை செய்கிறோம். ஆனால் நெல் விளையாத வளவில் வாழ்ந்தவனுக்கு அது தின்பண்டமன்று, பசிக்கு உணவு. வசதியுள்ள வீட்டில் அதே பனாட்டு வேறு கோலம் பூண்டது. துண்டுகளாக வெட்டிப் பனம்பாணியில் ஊறவைத்து, சாடியில் அடைத்துப் பாணிப்பனாட்டு ஆக்கினர். உணவுக்குப்பின் ஒரு துண்டு வாயில் இட்டுச் சுவைப்பதற்கு அது. ஒரே பாயில் காய்ந்த பண்டம் ஒரு வீட்டில் சோற்றின் இடத்தையும் மற்றொரு வீட்டில் சோற்றுக்குப் பிந்திய இடத்தையும் பெற்றது. குடாநாட்டுச் சமூகத்தின் ஏற்றத்தாழ்வை இதனினும் சுருக்கமாகக் காட்டும் சான்று வேறு எனக்குத் தெரியவில்லை.

பின்னர் இறக்குமதிச் சீனியும் கோதுமை மாவும் போத்தலில் அடைத்த பழப்பாகும் கடைகளை நிறைத்தன. கறுத்து ஒட்டும் பனாட்டு விருந்தினர்முன் வைக்கக் கூசும் பொருளாயிற்று. 1978இல் பனை அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, பனம் பண்டங்களை மீண்டும் சந்தைக்குக் கொண்டுவரும் முயற்சி நடந்தது. ஆனால் 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் எண்ணற்ற பனைகள் அழிந்தன. குண்டுகளுக்குத் தப்பியவற்றுட் பல பதுங்குகுழிகளுக்கு மரமாயின. இடம்பெயர்ந்த குடும்பம் மூன்று கிழமை ஒரே முற்றத்தில் பாயை விரித்து வைத்திருப்பது எங்ஙனம்? மரம் மீண்டும் முளைக்கும். எந்த மரத்துப் பழம் கைக்கும் என்று அறிந்திருந்த மூதாட்டி, அம்மரத்தை விட்டு எங்கோ ஓர் அகதிமுகாமில் கண்மூடினால், அந்த அறிவு முளைப்பதில்லை.

இன்றும் சில வீடுகளில் ஆவணி மாதத்தில் பாய் விரிகிறது. களி எடுத்த கொட்டைகளை அவ்வீட்டார் எறிந்துவிடுவதில்லை. மழைக்கு முன்னரே மண்ணைக் கூட்டிப் பாத்தி அமைத்து, அவற்றை நெருக்கமாக அடுக்கிப் புதைக்கிறார்கள். பாயில் பனாட்டுக் காய்ந்து பெட்டிக்குள் போன சில மாதங்களில், தைப்பொங்கலை ஒட்டி, அந்தப் பாத்தியைக் கிண்டிக் கிழங்கு எடுப்பார்கள்.