தைப்பூச வீடியோவில் கேட்கும் பாட்டை யூடியூப் எப்படிக் கண்டுபிடிக்கிறது?

தண்ணீர்மலையில் காவடியை வீடியோ எடுக்கிறீங்க. பக்கத்துத் தண்ணீர்ப் பந்தலில் கந்த சஷ்டி கவசம் ஓடுகிறது. யூடியூப்பில் ஏற்றியதும் பதிப்புரிமைக் கோரிக்கை வருகிறது. உருமிச் சத்தத்துக்கும் ‘வேல் வேல்’ முழக்கத்துக்கும் நடுவில் அந்தப் பாட்டு எப்படி மாட்டியது?

ஒலிக் கைரேகை என்றால் என்ன?

ஒவ்வோர் ஒலிப்பதிவுக்கும் கணினி எடுத்து வைக்கும் அடையாளம் இது. 2002இல் பிரிட்டனில் சேவையைத் தொடங்கிய ஷஸாமின் முறையை, அதை உருவாக்கிய ஏவரி வாங் 2003இல் விளக்கினார்.

எந்த நொடியில் எந்த அதிர்வெண் எவ்வளவு பலமாக ஒலிக்கிறது என்று கணினி ஒரு வரைபடம் போடும். அதில் பலமான புள்ளிகளை மட்டும் வைத்துக்கொள்ளும். பார்க்க நட்சத்திரக் கூட்டம் மாதிரி இருக்கும். புள்ளிகளை ஜோடி சேர்த்து, அவற்றின் அதிர்வெண்களையும் இடைவெளி நேரத்தையும் எண்ணாக மாற்றிச் சேமிக்கும். சில ஜோடிகள் அதே வரிசையில் பொருந்தினாலே போதும், பாட்டு தெரிந்துவிடும். கூட்டத்தின் இரைச்சல் எல்லாப் புள்ளிகளையும் அழித்துவிடாது.

2007இல் வந்த யூடியூப்பின் கன்டென்ட் ஐடியும், உரிமையாளர்கள் கொடுத்த பதிவுகளோடு உங்கள் வீடியோவை ஒப்பிடுகிறது.

கவசம் பழைய பாட்டுதானே?

ஆமாம். தேவராய சுவாமிகள் 19ஆம் நூற்றாண்டில் இயற்றிய வரிகளுக்கு இன்று யாரும் உரிமை கோர முடியாது. ஆனால் சூலமங்கலம் சகோதரிகள் பாடியது போன்ற ஒலிப்பதிவு வேறு விஷயம். மலேசியாவின் 1987ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம், வெளியான ஒலிப்பதிவுக்கு 50 ஆண்டு பாதுகாப்பு தருகிறது. வரிகள் பொதுச்சொத்து என்பதால் பதிவும் பொதுச்சொத்து ஆகிவிடாது.

கோரிக்கை வந்தால் என்ன செய்வது?

பயப்பட வேண்டாம். கோரிக்கை வேறு, ‘ஸ்ட்ரைக்’ வேறு. கோரிக்கையால் பெரும்பாலும் விளம்பர வருமானம் உரிமையாளருக்குப் போகும். சில நேரம் வீடியோ முடக்கப்படும். 90 நாளில் மூன்று ஸ்ட்ரைக் வாங்கினால்தான் சேனலே போகலாம்.

அந்தப் பகுதியின் ஒலியை நீக்கலாம், பாட்டை மாற்றலாம். கணினி தவறாகப் பிடித்திருந்தால் மறுப்புத் தெரிவியுங்கள். உரிமை கோரியவர் 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். காரணமே இல்லாமல் மறுத்தால், அது ஸ்ட்ரைக்கில் போய் முடியலாம்.

அடுத்த முறை பந்தலைக் கொஞ்சம் தாண்டி, உருமிக் குழுவின் நேரடி வாசிப்பை அவர்கள் அனுமதியோடு பதிவு செய்யுங்கள். சிக்கல் வரும் வாய்ப்பு குறையும்.