சாக்ரடீஸ்: நஞ்சுக் கோப்பைக்கு முன்பே சொன்ன இரண்டு "முடியாது"

சாக்ரடீஸ் என்றதும் நஞ்சுக் கோப்பைதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஆனால் அவருடைய நேர்மை அந்தக் கடைசி நாளில் திடீரென்று வந்ததல்ல. அதற்கு முன்பே இரண்டு முறை அவர் உயிருக்கு அஞ்சாமல் "முடியாது" என்று சொல்லியிருக்கிறார்.

முதல் நிகழ்ச்சி கி.மு. 406-ல் நடந்தது. அர்ஜினூசே தீவுகளுக்கு அருகே நடந்த கடற்போரில் ஏதென்ஸ் வென்றது. ஆனால் புயல் வீசியதால், மூழ்கிய கப்பல்களில் இருந்த வீரர்களைக் காப்பாற்ற முடியவில்லை. கோபம் கொண்ட மக்கள், தளபதிகள் அனைவரையும் ஒரே வாக்கெடுப்பில் தண்டிக்க வேண்டும் என்று கூச்சலிட்டார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்பதே சட்டம். அன்று சபையை நடத்தும் குழுவில் சாக்ரடீசும் இருந்தார். மிரட்டலுக்குப் பயந்து மற்றவர்கள் பணிந்தார்கள். அவர் ஒருவர் மட்டும் சம்மதிக்கவில்லை. ஆனாலும் ஆறு தளபதிகள் கொல்லப்பட்டார்கள். பின்னர் அதே மக்கள் அதற்காக வருந்தினார்கள்.

இரண்டாவது நிகழ்ச்சி சர்வாதிகாரிகளின் காலத்தில் நடந்தது. கி.மு. 404-ல் ஏதென்ஸ் ஸ்பார்ட்டாவிடம் தோற்றதும், முப்பது பேர் கொண்ட ஒரு கூட்டம் ஆட்சியைப் பிடித்தது. சலாமிஸ் தீவைச் சேர்ந்த லியோன் என்பவரைக் கொல்வதற்காகப் பிடித்து வரும்படி ஐந்து பேருக்கு உத்தரவிட்டார்கள். நான்கு பேர் போனார்கள். ஐந்தாவது ஆளான சாக்ரடீஸ் பேசாமல் வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த ஆண்டே அந்த ஆட்சி கவிழ்ந்திராவிட்டால் அவர் உயிர் தப்பியிருப்பது கடினம்.

கூட்டம் சொன்னாலும் சரி, கொடுங்கோலர்கள் சொன்னாலும் சரி, அவருடைய பதில் ஒன்றுதான்.

இத்தனைக்கும் அவர் எல்லாம் தெரிந்தவர் என்று காட்டிக்கொண்டவர் அல்ல. அவரைவிட ஞானி யாருமில்லை என்று டெல்ஃபி கோயிலில் குறி சொன்னபோது, அதை அவர் நம்பாமல் அரசியல்வாதிகள், கவிஞர்கள், கைவினைஞர்கள் என்று பலரிடமும் கேள்வி கேட்டுச் சோதித்தார். தெரியாததைத் தெரியாது என்று உணர்ந்திருப்பது மட்டுமே தன்னிடம் உள்ள ஞானம் என்று முடிவுக்கு வந்தார்.

இந்தப் பணிவுக்கும் அந்த உறுதிக்கும் என்ன தொடர்பு? கி.மு. 399-ல், 70 வயதில், கடவுள்களை மதிக்கவில்லை, இளைஞர்களைக் கெடுக்கிறார் என்று அவர்மேல் வழக்கு வந்தது. அவருடைய மாணவர் பிளேட்டோ எழுதியுள்ளபடி, அவரது வாதம் எளிமையானது. மரணம் நல்லதா கெட்டதா என்று யாருக்கும் தெரியாது. அநியாயம் செய்வது கெட்டது என்று தெரியும். தெரியாத ஒன்றுக்குப் பயந்து, தெரிந்தே கெட்டதை ஏன் செய்ய வேண்டும்?

மரண தண்டனைக்குப் பின் சிறையிலிருந்து தப்பிக்க நண்பர் கிரிட்டோ வழி செய்தார். அதையும் மறுத்து நஞ்சைக் குடித்தார்.

"எனக்குத் தெரியாது" என்று சொல்லும் பணிவும், "என்னால் முடியாது" என்று சொல்லும் துணிவும் அவரிடம் ஒன்றாகவே இருந்தன. கொஞ்சம் படித்ததும் எல்லாம் தெரியும் என்று நினைப்பவர்களும், நாலு பேர் சேர்ந்து சொன்னால் தலையாட்டுபவர்களும் அவரிடம் கற்க வேண்டிய பாடம் இதுதான்.