கரிசல் நிலமும் தீப்பெட்டி வரியும்

தீப்பெட்டி என்றால் என்ன என்று நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. ஆனால் 'கையால் செய்த தீப்பெட்டி' என்றால் என்ன என்பதை இந்திய வரிச்சட்டம் விளக்க வேண்டியிருந்தது. மரச்சட்டங்களில் குச்சி அடுக்குவது, குச்சித் தலையை மருந்தில் முக்குவது, பெட்டியில் குச்சி நிரப்புவது, லேபிள் ஒட்டுவது, கட்டுப்போடுவது என்று ஐந்து வேலைகளை அது பட்டியலிட்டது. இவற்றுள் எதுவும் வழக்கமாக எந்திர விசையின் துணையோடு நடைபெறாவிட்டால் அது கையால் செய்த தீப்பெட்டி. கலால் வரிக் காலத்து இந்த விளக்கம், 2017ஆம் ஆண்டு சரக்கு மற்றும் சேவை வரி வந்தபோதும் உடன் வந்தது.

கோவில்பட்டியிலும் அதைச் சுற்றிய கரிசல் ஊர்களிலும் இந்த வேலைகளில் பெரும்பங்கைச் செய்துவந்தவர்கள் பெண்கள். ஒரு வட்டாரத்துப் பெண்களின் விரல்கள் என்ன செய்கின்றன என்பதை டெல்லியின் சட்டம் இவ்வளவு நுணுக்கமாக அறிந்து வைத்திருந்தது வியப்புக்குரியது. அந்த அறிவு எப்படி டெல்லிக்குப் போய்ச் சேர்ந்தது? யார் கேட்டார்கள், யார் சொன்னார்கள்? பொருளாதாரக் கொள்கை வகுக்கும்போது அரசு மக்களோடு கலந்து பேச வேண்டும் என்று இன்று அடிக்கடி சொல்லப்படுகிறது. அப்படிப்பட்ட பேச்சு ஒன்று இந்த மண்ணில் ஒரு நூற்றாண்டாக நடந்து வந்திருக்கிறது. அதைப் பின்தொடர்ந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

கரிசல் மண் மழையை நம்பிய மண். ஐப்பசி, கார்த்திகையில் பெய்தால் பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் உண்டு, பொய்த்தால் ஒன்றுமில்லை. பெய்த ஆண்டிலும் காட்டுவேலை சில மாதங்களுக்கே இருக்கும். மிச்ச மாதங்களில் வெயிலும் வெறுங்கையும்தான். ஆனால் விவசாயத்தைக் கெடுத்த அந்த வறட்சியே தீப்பெட்டிக்கு வாய்ப்பாயிற்று. ஈரக்காற்று இல்லாத ஊரில் மருந்து முக்கிய குச்சி விரைவில் உலரும். சரக்கை ஏற்றியனுப்ப 1876 முதல் இரயில் பாதை இருந்தது. சிவகாசியிலிருந்து பி.அய்ய நாடாரும் ஏ.சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய கதை பலரும் அறிந்ததே. தொழில் அங்கிருந்து சாத்தூர், கோவில்பட்டி வட்டாரங்களிலும் பரவியது.

அந்த 1922ஆம் ஆண்டுக்கு வேறொரு முக்கியத்துவமும் உண்டு. இறக்குமதியாகும் தீப்பெட்டிமீதான தீர்வையை அரசு அப்போது குரோஸுக்கு, அதாவது 144 பெட்டிக்கு, ஒன்றரை ரூபாயாக உயர்த்தியது. சரக்கின் விலைக்கு ஏறக்குறைய ஈடான தீர்வை அது. நோக்கம் உள்நாட்டுத் தொழிலை வளர்ப்பதன்று. கஜானாவுக்குப் பணம் வேண்டும், அவ்வளவே. ஆனாலும் அந்த மதிலின் நிழலில் உள்நாட்டுத் தொழில் முளைத்துவிட்டது. மதிலுக்கு உள்ளே வந்தவர்கள் நம்மவர்கள் மட்டுமல்லர். உலகத் தீப்பெட்டிச் சந்தையின் பெரும்பகுதியைத் தன் கைக்குள் கொண்டுவந்துகொண்டிருந்த ஐவர் குரூகரின் ஸ்வீடன் நிறுவனம், 'வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி' என்ற பெயரில் 1923இல் இந்தியாவிலேயே தொழில் தொடங்கியது. நாம் 'விம்கோ' என்று அறிந்தது அதைத்தான்.

தற்செயலாய் எழுந்த இந்த மதிலை என்ன செய்வது என்ற கேள்வி 1926இல் இந்திய டாரிஃப் போர்டிடம் வந்தது. 1921-22இன் நிதிக் குழு பரிந்துரைத்த 'தேர்ந்தளிக்கும் பாதுகாப்பு' என்ற கொள்கையைச் செயல்படுத்த 1923இல் ஏற்பட்ட அமைப்பு அது. அதன் நடைமுறை இன்று படித்தாலும் மதிப்பைத் தருவது. ஒரு தொழிலைப் பற்றிய விசாரணை என்றால் முதலில் பொது அறிவிப்பு. பிறகு மூலதனம், மரம், கூலி, ஒரு குரோஸுக்கு ஆகும் செலவு என்று நீளும் வினாப்பட்டியல். பிறகு நேரடி விசாரணை. சாட்சியங்கள் அறிக்கையோடு தொகுதிகளாக அச்சாகி விற்பனைக்கு வந்தன. அரசிடம் யார் என்ன சொன்னார் என்பதை விலை கொடுத்து வாங்கி எவரும் படிக்கலாம்.

தீப்பெட்டி விசாரணையை நடத்தியவர்கள் தலைவர் பத்மஜி ஜின்வாலா, உறுப்பினர்கள் மதயாஸ், ஜான் மத்தாய் ஆகியோர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த மத்தாயே பின்னாளில் சுதந்திர இந்தியாவின் நிதியமைச்சரானார். 1953இல் அமைந்த வரி விசாரணைக் குழுவுக்கும் தலைமை ஏற்றார். போர்டின் அறிக்கை 1928இல் வந்தது. வருவாய்க்காகப் போட்ட தீர்வையைத் தொழிலைக் காக்கும் தீர்வையாக்கலாம் என்று அது சொல்ல, அதே ஆண்டு சட்டமும் வந்தது.

திறந்த விசாரணைதான், ஐயமில்லை. ஆனால் அந்தக் கதவு எல்லோருக்கும் ஒரே அளவில் திறந்திருக்கவில்லை. 'குரோஸுக்கு என்ன அடக்கம்?' என்ற கேள்விக்குப் பதில் சொல்லக் கணக்குப் புத்தகம் வேண்டும். அதை ஆங்கிலத்தில் எழுத ஆள் வேண்டும். போய்வரச் செலவுக்குப் பணம் வேண்டும். ஸ்வீடன் நிறுவனத்திடம் இவை எல்லாம் இருந்தன. ஓலைக் கொட்டகையில் பத்துப் பேரை வைத்துக் குச்சி அடுக்கியவரிடம் என்ன இருந்திருக்கும்? அந்தப் பத்துப் பேருக்கோ அப்படியொரு விசாரணை நடப்பதே தெரிந்திருக்க நியாயமில்லை.

பாதுகாப்பு வெற்றி பெற்றது. வெற்றியே அடுத்த சிக்கலைக் கொண்டுவந்தது. இறக்குமதி சுருங்கவே சுங்க வருவாயும் சுருங்கியது. 1934ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் நிதி உறுப்பினர் ஜார்ஜ் ஷுஸ்டர் உள்நாட்டுத் தீப்பெட்டிமீதே கலால் வரி விதித்தார். சணல் ஏற்றுமதி வரியில் பாதியை வங்காளம் முதலிய சணல் மாகாணங்களுக்கு விட்டுக்கொடுப்பதற்கு ஈடாகவும் இந்த வரி வேண்டியிருந்தது. சணல் விளையாத கரிசலின் தீப்பெட்டி சணல் மாகாணங்களின் கடனில் பங்கேற்றது இவ்வாறுதான். ஒவ்வொரு பெட்டியிலும் 'பேண்ட்ரோல்' என்ற வரிச்சீட்டு ஒட்டப்படலாயிற்று. வரிச்சீட்டை முன்பணம் கொடுத்து வாங்கினால்தான் சரக்கு வெளியே போகும். சிறு உற்பத்தியாளருக்கு மரத்தையும் மருந்தையும் போலவே வரிச்சீட்டும் ஒரு மூலப்பொருளாகிவிட்டது.

சுதந்திரத்திற்குப் பிறகு உரையாடலின் தொனி மாறியது. கைத்தொழில் பலருக்கு வேலை தரும். ஆகவே சிறியவனுக்குக் குறைந்த வரி, பெரியவனுக்குக் கூடிய வரி என்பது கொள்கையாயிற்று. உற்பத்தி அளவைக் கொண்டு தொழிலகங்கள் ஏ, பி, சி, டி என வகுக்கப்பட்டன. கரிசல் நிலம் அரசுக்குத் தந்த மிகத் தெளிவான பதில் இங்குதான் கிடைக்கிறது என்று நினைக்கிறேன். அந்தப் பதில் மனுவாக எழுதப்படவில்லை, கொட்டகையாகக் கட்டப்பட்டது. சிறியதாக இருந்தால் சலுகை என்று அரசு சொன்னது. தொழில் சிறியதாகிக் காட்டியது. வளர்ந்த தொழிலகம் இரண்டாகவும் நான்காகவும் பிரிந்து, உறவினர் பெயர்களில் உரிமம் பெற்று, அடுத்தடுத்த ஊர்களில் எழுந்தது. வேலையைத் தேடி ஊர் போகாமல் ஊரைத் தேடி வேலை வந்தது என்பது இதன் நன்மை. எவ்வளவு காலமானாலும் எதுவும் வளரவே முடியாது என்பது இதன் தீமை.

அரசும் இந்தப் பதிலைப் படித்துவிட்டது. ஆண்டுக்கு 7.5 கோடிக் குச்சிக்கு மேல் போகாது என்று எழுதிக் கொடுப்பவருக்குக் குறைந்த வரி என 1967இல் ஒரு சலுகை வந்தது. பெட்டிக்கு 50 குச்சி என்று கொண்டால் அது 15 லட்சம் பெட்டி. பெரிய தொழிலகங்கள் பிரிந்துகொண்டு இச்சலுகைக்குள் நுழைவதைத் தடுக்க, செப்டம்பர் 4 அன்று அது திருத்தப்பட்டது: அந்தத் தேதிக்கு முன் எழுதிக் கொடுத்தவருக்கே சலுகை. பரமேஸ்வரன் மேட்ச் ஒர்க்ஸ் என்ற தொழிலகம் உரிமத்துக்கு விண்ணப்பித்தது செப்டம்பர் 5. ஒரே நாள் பின்னால்! சென்னை உயர்நீதிமன்றம் இதைச் சமத்துவத்துக்கு முரண் என்றது. 1974இல் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றியது. சலுகை உண்மையான சிறு உற்பத்தியாளருக்கானது. எங்கேனும் ஒரு கோடு கிழித்துத்தான் ஆகவேண்டும். கிழித்த இடம் முற்றிலும் பொருத்தமற்றதாக இல்லாதவரை நீதிமன்றம் தலையிடாது என்பது தீர்ப்பின் சாரம். தேதியை முன்கூட்டி அறிவித்தால் எல்லோரும் அதற்குள் நுழைந்துவிடுவார்கள். அறிவிக்காவிட்டால் உண்மையான சிறியவன் ஒருவன் ஒரு நாளில் வெளியே நிற்பான். கலந்து பேசுதல் என்ற நல்ல கருத்துக்குள் இப்படியொரு முடிச்சும் இருக்கிறது.

இவ்வளவு நேரமும் நாம் பேசிய 'உற்பத்தியாளர்' உரிமம் பெற்றவர் மட்டுமே. குச்சி அடுக்கியவர்கள் எங்கே? இதற்கு ஒப்பாக இலண்டனை நினைக்கலாம். 1871 ஏப்ரலில் பிரிட்டனின் நிதியமைச்சர் ராபர்ட் லோ தீப்பெட்டிக்கு வரி போட முனைந்தபோது, கிழக்கு இலண்டனின் தீப்பெட்டித் தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும், பாராளுமன்றத்தை நோக்கி ஊர்வலம் போனார்கள். காவலர்கள் வழிமறித்தார்கள். ஆனாலும் வரி கைவிடப்பட்டது. யாரும் அழைத்துக் கேட்காதவர்களே அங்கு அன்றைய சாட்சிகள்.

கரிசலின் பெண்கள் கணக்கில் வந்தது வேறு விதமாக. 'விசை இல்லாமல்' என்ற எதிர்மறைச் சொல்லாகவே அவர்கள் சட்டத்தில் இடம்பெற்றார்கள். எந்திரம் இல்லாத இடம் என்று சட்டம் சொன்ன இடத்தில் இருந்தவர்கள் அவர்கள். கூடவே அவர்களின் பிள்ளைகளும். சிறிய கொட்டகை, குறைந்த வரி, மலிந்த கூலி என்ற சங்கிலியின் கடைசிக் கண்ணி குழந்தையின் விரல். எந்த வினாப்பட்டியலும் அதைத் தொடவில்லை. 1986இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. சிவகாசித் தீப்பெட்டித் தொழிலை முன்வைத்து எம்.சி.மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்சநீதிமன்றம், பணியில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. கரிசலின் எழுத்தாளர் பூமணி தாமே இயக்கிய 'கருவேலம்பூக்கள்' திரைப்படத்தில் தீப்பெட்டி ஆலைக் குழந்தைகளைக் காட்டினார். டாரிஃப் போர்டின் தொகுதிகளில் ஏறாத சாட்சியம் அது என்று சொன்னால் மிகையாகாது.

இனி அண்மைக் காலம். 2017 ஜூலையில் வந்த புதிய வரியில் கையால் செய்ததற்கு 5 விழுக்காடு, மற்றதற்கு 18. அதற்குள் கோவில்பட்டி வட்டாரத்தில் பல தொழிலகங்கள் சில வேலைகளுக்கு எந்திரம் வைத்துவிட்டன. 18 அவர்களுக்குத் தாங்கவில்லை. குறைக்கச் சொல்லி மனுக்கள் போயின. 2020 மார்ச்சில் கூடிய ஜி.எஸ்.டி. மன்றம் இரண்டையும் சேர்த்து 12 என்றது. ஏப்ரல் முதல் அமல். எந்திரம் வைத்தவருக்கு ஆறு விழுக்காடு இறக்கம். கையால் செய்தவருக்கு ஏழு விழுக்காடு ஏற்றம். ஐந்து வேலைகளின் பட்டியல் ஒரே வரியில் பொருளிழந்தது. 2025 செப்டம்பரில் 12 விழுக்காடு என்ற படியே ஜி.எஸ்.டி.யிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. கலந்து பேசியதன் பயன் எல்லோருக்கும் ஒன்றாய் இருப்பதில்லை என்பதற்கு அந்த ஐந்தரை ஆண்டுக்காலம் சான்று.

வேறு சில குரல்கள் நல்லபடியாகவே எட்டின. 14 ஆண்டுகள் ஒரு ரூபாயாக இருந்த தீப்பெட்டி 2021 டிசம்பரில் இரண்டு ரூபாயானது. அது தொழில் தனக்குள் கூடிப்பேசி எடுத்த முடிவு. ஆனால் பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் லைட்டரை விலையால் வெல்ல முடியவில்லை. தொழிலகங்களின் கோரிக்கையை ஏற்று 2022 செப்டம்பரில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ஒன்றிய நிதியமைச்சருக்குக் கடிதம் எழுதினார். 2023 ஜூன் இறுதியில் 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர்களின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. 1922இல் தற்செயலாய் எழுந்த மதில், நூறாண்டு கழித்து, கேட்டுப் பெற்ற மதிலாக மீண்டும் எழுந்தது.

இந்த நூற்றாண்டைத் தொகுத்துப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். அரசு கேட்காமல் இருந்தது என்று சொல்ல முடியாது. பல முறை கேட்டது. ஆனால் என்ன கேட்டது? எத்தனை குரோஸ், எவ்வளவு அடக்கம், விசை உண்டா இல்லையா. இக்கேள்விகளுக்குப் பதில் வைத்திருந்தவர்கள் பேசினார்கள். அவர்கள் பேசியதற்கேற்பச் சட்டம் அமைந்தது. சட்டத்திற்கேற்ப ஊர் தன்னைச் சிறிதாகவும் பெரிதாகவும் மாற்றிக்கொண்டது. ஆண்டில் எத்தனை நாள் வேலை, மழை பொய்த்த ஆண்டில் என்ன கூலி, எந்திரம் வந்தால் குச்சி அடுக்கியவர் எங்கே போவார் என்பவை கேட்கப்படவில்லை. அக்கேள்விகளுக்குப் பதில் சொல்லக் கணக்குப் புத்தகமோ ஆங்கிலமோ தேவைப்பட்டிராது.

சட்ட வரைவுகளை முப்பது நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று 2014இல் ஒன்றிய அரசு ஒரு நெறிமுறை வகுத்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பார்வைக்கு வைப்பது வேறு, போய்க் கேட்பது வேறு. அடுத்த முறை இத்தொழிலைப் பற்றி ஒரு கேள்வி எழும்போது, அது கோவில்பட்டிக்குத் தமிழில் வரட்டும். பதிலை 1928இல் போல எல்லோரும் படிக்க அச்சிடட்டும். முதல் சாட்சியாக, மரச்சட்டத்தின் முன் அமர்ந்திருக்கும் பெண்ணை அழைக்கட்டும்.