மலையகத் தோட்டச் சிறாரின் செரியாமை: ஒரு சமூக வரலாற்று நோக்கு

நோய் உடலிலே தோன்றுகிறது. ஆயின் எந்த நோய் நோயெனக் கொள்ளப்படும், எது பதிவேட்டில் இடம்பெறும், எது கவனிப்பாரின்றிப் போகும் என்பவற்றைச் சமூக உறவுகளே பெரிதும் நிர்ணயிக்கின்றன. ஹற்றன், நுவரெலியாத் தோட்டங்களிலே வாழும் சிறாரின் நாட்பட்ட வயிற்று உபாதையை இந்நோக்கில் ஆராய்வது பொருத்தமாகும்.

தமிழர் மருத்துவ மரபு இவ்வுபாதையை அறியாததன்று. பிள்ளைப்பிணி கூறும் வாகட நூல்கள் செரியாமையை மாந்தம் எனப் பெயரிட்டுப் பலவாக வகுத்தன. திருக்குறளின் மருந்து அதிகாரமும் முன்னுண்டது செரித்ததை அறிந்து பின் உண்ணுமாறு அறிவுறுத்துகிறது. ஆயினும் அவ்வறிவுரை, அளவறிந்து உண்ணும் வாய்ப்புடையவனை நோக்கியே கூறப்பட்டதென்பது மனங்கொள்ளத்தக்கது. எப்போது உண்பது, எதை உண்பது என்பவற்றைக் கொழுந்து நிறுக்கும் நேரமும் துண்டின் கணக்கும் தீர்மானிக்கும் லயத்துக் குடும்பத்திற்கு அத்தெரிவு இருக்கவில்லை.

குடியேற்ற ஆட்சி தோட்டத்துப் பிள்ளையை எவ்வாறு நோக்கியது? 1872 ஆம் ஆண்டின் மருத்துவத் தேவைகள் கட்டளைச்சட்டம் தொழிலாளரின் மருத்துவ வசதிக்குச் சட்ட வடிவம் அளித்தது. எனினும் அதன் உள்நோக்கம் உழைப்புச் சக்தியைப் பேணுவதே. 1927 ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் ஆண், பெண், சிறுவர் எனக் கூலியை மூவகையாக வகுத்தது. நோயாளி என்ற நிலையில் தனிக்கவனம் பெறுவதற்கு முன்னரே, சிறுவன் கூலிக்குரிய ஒரு வகையாகச் சட்டத்தில் இடம்பெற்றுவிட்டான்.

1916 இல் ரொக்பெல்லர் மன்றத்தின் ஆதரவுடன் தோட்டங்களில் ஆரம்பிக்கப்பட்ட கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கமும் இதற்கு விலக்கன்று. புழுவை வெளியேற்ற மருந்து புகட்டப்பட்டது. ஆனால் அப்புழு அசுத்தமான மண்ணிலிருந்து வெறுங்காலின் வழியே உடலிற் புகுவது. மலகூடம் அமைக்கப்படாத இடத்தில் மருந்துண்டவன் மீண்டும் நோயுறுவான். மருந்தை ஏற்ற தோட்டத்துரைமார் மலகூடச் செலவை ஏற்கத் தயங்கினர். குருதிச்சோகையால் உழைப்புக் குன்றியமையே அவர்களது கவலைக்குரியதாயிற்று. பிள்ளையின் வயிற்றுநோவு அக்கணக்கில் வரவில்லை.

இனி, விஞ்ஞானம் கூறுவதைக் காண்போம். இரைப்பையின் தசைகள் தாமாகவே ஒரு மின்னியக்கத்தைத் தோற்றுவிக்கின்றன. கஹால் கலங்கள் எனப்படுவன அதன் தாளத்தை நடத்துகின்றன. மனிதரில் அது நிமிடத்திற்கு ஏறத்தாழ 3 அலைகளாகும். 1920களின் தொடக்கத்தில் அமெரிக்க மருத்துவர் வோல்ற்றர் அல்வரெஸ் வயிற்றின் தோல்மேல் மின்வாய் வைத்து இதனைப் பதிவுசெய்தார். இத்தாளம் மிகக் குறைந்தோ விரைந்தோ செல்லும்போது, உண்ட உணவு இரைப்பையிலிருந்து வெளியேறத் தாமதமாகலாம். சிறிது உண்டவுடன் வயிறு நிறைதல், மேல்வயிற்று நோவு, குமட்டல் முதலியன செரியாமையின் குறிகளாம். புண்ணோ கட்டியோ காணப்படாமலே இவை தோன்றுவதுண்டு. எனினும் இக்குறியுடைய எல்லாரிடத்தும் தாளம் பிறழ்வதில்லை. மின்பதிவு மட்டும் நோயைத் தீர்மானிப்பதுமில்லை.

இத்துறையில் இலங்கையரின் பங்களிப்பும் உண்டு. ராகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சேர்ந்த நிரங்க தேவநாராயணவும் பிறரும், அடிக்கடி வயிற்றுவலிக்கு உள்ளாகும் சிறாரின் இரைப்பை இயக்கத்தை ஆராய்ந்து 2008 இல் முடிவுகளை வெளியிட்டனர். அச்சிறாரில் இரைப்பை வெறுமையாதல் தாமதித்தது; அதன் கீழ்ப்பகுதியின் சுருக்கமும் தளர்ந்திருந்தது. காரணம் புலப்படாத நோவு பாசாங்கன்று என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இவ்விடத்தில் இருவகைத் தவறுகள் நேரக்கூடும். ஒன்று, சமூகத்தை மறந்து நோயைத் தாளப்பிறழ்வாக மட்டும் காண்பது. மற்றையது, முற்போக்காளரிடையே சிலர் செய்வதுபோல, எல்லாவற்றையும் பசியெனக் கூறி அமைவது. பசியின் கொடுமை மறுக்கவொண்ணாதது. 1973-74 உணவு நெருக்கடியில் நாட்டின் ஏனைய பகுதிகளிலும் பார்க்கத் தோட்டங்களில் மரணவீதம் கடுமையாக உயர்ந்தது. 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி ஐந்து வயதுக்குட்பட்ட சிறாரில் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாடளாவிய நிலையில் ஏறத்தாழ 17 சதவீதம். தோட்டத்துறையில் 32 சதவீதம். ஆயினும் உணவு குறைவாக உள்ள வீட்டிலும், கிடைத்த உணவை உண்ணவியலாத பிள்ளை உண்டு. சிறிது ரொட்டியும் தேத்தண்ணியும் உட்கொண்டதும் வயிறு நிறைந்ததென விலகும் பிள்ளையை 'தின்ன மாட்டேங்குது' எனக் கடிவதுடன் வீடு நின்றுவிடுகிறது. குறைவாக உண்பதால் மெலிவு மேலும் பெருகுகிறது. பசியும் செரியாமையும் ஒன்றையொன்று விலக்குவன அல்ல. ஒரே உடலில் ஒருங்கே நிற்கக்கூடியன.

தோட்டங்கள் 1972 இலும் 1975 இலும் அரசுடைமையாயின. 1992 இல் அவற்றின் நிருவாகம் மீண்டும் தனியார் கம்பனிகளிடம் சென்றது. உடைமை மாறியபோதும், நோவைச் சொல்லும் பிள்ளைக்குச் செவிசாய்க்கும் மருத்துவ அமைப்பு தானாகத் தோன்றிவிடவில்லை. மின்வரைவுக் கருவி தோட்ட மருந்தகத்திற்கு உடனே வந்தாக வேண்டுமென நாம் கூறவில்லை. பிள்ளை எத்தனை வேளை உண்கிறது, எப்போது நோகிறது, எவ்வளவு உண்டதும் வயிறு நிறைகிறது என்று கேட்டுப் பதிவதற்குக் கருவி வேண்டியதில்லை. உழைப்பின் அளவைக் கொண்டே உடலை மதித்த மரபை மாற்றுவதற்கு அக்கேள்விகள் தொடக்கமாகும். உணவுக்கும் கூலிக்குமான போராட்டத்திலிருந்து அவற்றைப் பிரித்து நோக்குதல் இயலாது.