பாம்புக்கு என்ன விலை?

நசரத்பேட்டையில் நீங்கள் புதுசாக ஒரு வீடு வாங்கிக் குடிபோயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பூந்தமல்லியைத் தாண்டி, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டி, ஒரு காலத்தில் நெல் விளைந்த மண். பக்கத்திலேயே செம்பரம்பாக்கம் ஏரி. காற்றுக்குக் கேட்கவே வேண்டாம்! ஐப்பசி மாதம், விடாமல் மூன்று நாள் மழை. நாலாம் நாள் காலையில் மோட்டார் போடப் போகிறீர்கள். தண்ணீர்த் தொட்டிக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூப் மாதிரி ஏதோ சுருண்டு கிடக்கிறது. குனிந்து எடுக்கப் போனால்... டியூபுக்குக் கண் இருக்கிறது!

அடுத்த பத்து நிமிடத்தில் நடக்கப்போவது உங்களுக்கே தெரியும். பக்கத்து வீட்டுக்காரர் உருட்டுக்கட்டையோடு வருவார். எதிர்வீட்டுப் பையன் செல்போனோடு வருவான். கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார்: ''அடிபட்டுத் தப்பிச்சுதுன்னா பழிவாங்க வரும் சார், முழுசா அடிச்சுடுங்க!'' அடிபட்டுச் செத்த பிறகு பார்த்தால், பத்துக்கு ஏழெட்டு முறை அது விஷமே இல்லாத சாரையாகவோ, நீர்க்கோலியாகவோ இருக்கும். உங்கள் வீட்டு எலியைத் தின்ன வந்த அப்பாவி!

கட்டையைக் கொஞ்ச நேரம் கீழே வையுங்கள். இந்தப் பாம்பின் தலைக்கு நம் நாட்டில் யார் யார், எதற்காக, என்ன விலை வைத்தார்கள் என்று ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு வருவோம்.

முதலில் விலை வைத்தது வெள்ளைக்காரன். கல்கத்தாவில் ஜோசப் ஃபேரர் என்று ஒரு டாக்டர். பாம்புக்கடியால் இந்தியாவில் எத்தனை பேர் சாகிறார்கள் என்று மாகாண அதிகாரிகளுக்கெல்லாம் எழுதிக் கேட்டு, 1869-ம் வருஷக் கணக்கை வாங்கினார். பாதி நாட்டிலிருந்துதான் பதில் வந்தது. அதுவே 11,416 சாவு! 1872-ல் இந்திய விஷப் பாம்புகளைப் பற்றி வண்ணப் படங்களோடு பிரமாண்டமான ஒரு புத்தகம் போட்டார் ஃபேரர். பாம்பைக் கொன்று கொண்டுவருகிறவனுக்கு சர்க்கார் இனாம் தரவேண்டும் என்பது அவருடைய யோசனை. ஏற்கெனவே சில இடங்களில் கொடுத்துக்கொண்டிருந்த இனாம், பிறகு மும்முரமானது. செத்த பாம்பைக் கொண்டுபோய்க் காட்டு, அணாக்கணக்கில் காசு வாங்கிக்கொள்!

ஆண்டுக்கு லட்சக்கணக்கில் பாம்புகளைக் கொன்றதாகக் கணக்கு எழுதினார்கள். பலன்? கடிபட்டுச் சாகிறவர்களின் எண்ணிக்கை வருஷா வருஷம் 20 ஆயிரத்தைச் சுற்றியே நின்றது. ஃபைலில் பாம்பு குறைந்தது, வயலில் குறையவில்லை.

இந்த இடத்தில் உங்களில் சிலர், 'டெல்லியில் இனாமுக்காக ஜனங்கள் வீட்டிலேயே நாகப்பாம்பை வளர்த்தார்களாமே!' என்று ஆரம்பிப்பீர்கள். மேனேஜ்மென்ட் வகுப்புகளில் தவறாமல் சொல்லப்படும் கதை அது. ஹோர்ஸ்ட் ஸீபர்ட் என்ற ஜெர்மன் பொருளாதார நிபுணர் 2001-ல் எழுதிய புத்தகம்தான் அதை உலகம் முழுக்கப் பரப்பியது. சுவையான கதைதான். ஆனால், ஆதாரத்தைத் தேடிப் போனால் உருப்படியாக எதுவும் சிக்குவதில்லை. அதற்குப் பதில் எலிக் கதை ஒன்று இருக்கிறது, அது நிஜம்! 1902-ல் ஹனோய் நகரத்தில் பிளேக் பயம். பிரெஞ்சுக்காரர்கள் பெருமையாகக் கட்டிய பாதாளச் சாக்கடையே எலிகளின் மாளிகை ஆகிவிட்டது. 'எலி வாலைக் கொண்டுவா, ஒரு வாலுக்கு ஒரு சென்ட்' என்று அறிவித்தார்கள். வால்கள் வந்து குவிந்தன. கூடவே, வால் இல்லாத எலிகள் தெருவில் ஜாலியாகத் திரிய ஆரம்பித்தன! வாலை மட்டும் நறுக்கிவிட்டு, 'போய்க் குட்டி போடு' என்று எலியை விட்டுவிட்டார்கள். ஊருக்கு வெளியே எலிப்பண்ணையே நடந்தது கண்டுபிடிக்கப்பட்ட பிறகுதான் இனாம் நின்றது. பிழைக்கத் தெரிந்தவர்கள்!

பாம்புக்கு வந்த இரண்டாவது விலை தோலுக்கு. இங்கேதான் நம்ம ஊர் ஆட்கள் வருகிறார்கள். இருளர்கள். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பக்கத்துக் கிராமங்களில் ஏரிக்கரைகளிலும் ஊர் ஓரத்துக் குடிசைகளிலும் இருக்கும் பழங்குடிகள். அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் 'சிட்டி' ஆவதற்கு வெகுகாலம் முன்பே இந்த மண்ணின் ஒவ்வொரு வளையும் அவர்களுக்கு அத்துப்படி. புழுதியில் ஒரு கோடு இருந்தால் போதும். எந்தப் பாம்பு, எந்தப் பக்கம் போனது, உள்ளே இருக்கிறதா கிளம்பிவிட்டதா என்று சொல்லிவிடுவார்கள். உரித்துப் போட்ட சட்டை, எச்சம், வளை வாசலின் வழவழப்பு... எல்லாமே அவர்களுக்கு எழுத்து. கையில் இருப்பது ஒரு சின்னக் கடப்பாரையும் துணிப்பையும்தான்.

இப்பேர்ப்பட்ட வித்தையை வைத்துக்கொண்டு என்ன செய்தார்கள் தெரியுமா? தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். ஐரோப்பியச் சீமாட்டிகளின் கைப்பை, செருப்பு, பெல்ட் எல்லாம் நம் ஊர் சாரையும் நாகமும்தான். சென்னைத் தோல் மண்டிகள் வழியாக லட்சக்கணக்கான தோல்கள் கப்பலேறின. பிடித்துக் கொடுத்த இருளருக்குக் கிடைத்தது அரிசி வாங்கக் காசு. அவ்வளவுதான்.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1976-ல் பாம்புத் தோல் ஏற்றுமதியும் தடை செய்யப்பட்டது. பாம்புக்கு நல்ல காலம். இருளருக்கு? நேற்றுவரை தொழில், இன்று அதே வேலைக்கு ஜெயில்! சட்டம் போட்டவர்களில் எத்தனை பேர் அந்த அடுப்பை நினைத்துப் பார்த்திருப்பார்கள் என்று எனக்குச் சந்தேகம் உண்டு. பாம்பை விட்டால் அரிசி ஆலை, செங்கல் சூளை, முன்பணம், மீளாத கடன். கொத்தடிமைகளாகச் சிக்கி, பிறகு மீட்கப்பட்ட இருளர் குடும்பங்களைப் பற்றி நீங்களே செய்தித்தாளில் படித்திருப்பீர்கள்.

அப்போது நடுவில் வந்தவர் ஓர் அமெரிக்கர். ரோமுலஸ் விட்டேகர். 1943-ல் நியூயார்க்கில் பிறந்து, சின்னப் பையனாக இந்தியாவுக்கு வந்து, கொடைக்கானலில் படித்தவர். அமெரிக்கா திரும்பி, மயாமியில் ஒரு பாம்புப் பண்ணையில் விஷம் எடுக்கும் வேலையைக் கற்றுக்கொண்டு மறுபடி இங்கேயே வந்து சேர்ந்தார். 1969-ல் சேலையூரில் இவர் ஆரம்பித்த பாம்புப் பண்ணைதான், 1972-ல் கிண்டிக்கு இடம்பெயர்ந்து, சிறுவயதில் உங்களையும் என்னையும் கண்ணாடிக்கு முன்னால் வாய் பிளந்து நிற்கவைத்த பாம்புப் பண்ணை. விட்டேகர் பாம்பு பிடிக்கத் தனக்குக் குருவாகச் சொல்வது இருளர்களைத்தான். அவர்களோடு சேர்ந்து ஒரு யோசனை பிறந்தது. பாம்பின் தோலை ஒரு தடவைதான் விற்க முடியும். விஷத்தை?

1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற் கூட்டுறவு சங்கம் பதிவானது. கிழக்குக் கடற்கரைச் சாலையில், வடநெம்மேலியில், முதலைப் பண்ணை வளாகத்துக்குள்ளேயே இடம். அனுமதிகளெல்லாம் கிடைத்து விஷம் எடுக்க ஆரம்பித்தது 1982-ல். (நடுவில் 1979-ல் 'நீயா?' படம் வந்து, பாம்பு பழிவாங்கும் என்பதைத் தமிழ்நாடு முழுக்க உறுதிப்படுத்திவிட்டது. சங்கத்துக்கு எதிராக ஸ்ரீப்ரியா! ஒரு விஷயம்: அடித்தவர் முகத்தை நினைவில் வைத்துக்கொண்டு வீடு தேடி வருமளவுக்குப் பாம்புக்கு மூளை கிடையாது.)

சங்கத்தின் வேலை ரொம்ப எளிமை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் - மனிதர்களை அதிகம் கொல்லும் இந்த நாலும்தான் வேண்டும். வனத்துறை அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஒன்றுகூடப் பிடிக்கக் கூடாது. பிடித்து வந்த பாம்பை மண்பானைக்குள் விட்டு, காற்று போகிற மாதிரி துணியால் வாய் கட்டி வைக்கிறார்கள். பானை உள்ளே இருட்டு, குளிர்ச்சி. வளைக்குள் இருப்பதாகவே பாம்பு நினைத்துக்கொள்ளும். மூன்று நாலு வாரம் விருந்தாளி. வாரம் ஒரு முறை விஷம் எடுப்பார்கள். பிறகு, வயிற்றுப் பக்கச் செதிலில் ஓர் ஓரத்தை நகம் வெட்டுகிற மாதிரி லேசாக நறுக்கிவிட்டு, கொண்டுபோய் விட்டுவிடுவார்கள்.

அந்த விஷத்தை உலர்த்திப் பொடியாக்கி, மும்பை, ஹைதராபாத், புனே பக்கத்து மருந்துக் கம்பெனிகளுக்கு அனுப்புகிறார்கள். அங்கே குதிரைக்கு அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற, குதிரையின் ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உருவாகிறது. அதைப் பிரித்தெடுத்தால் பாம்புக்கடி ஊசி. சுருட்டை விரியன் சின்னப் பாம்பு. ஒரு கிராம் விஷப் பொடிக்கு நூற்றுக்கணக்கில் தேவைப்படும். இந்தியா முழுக்க ஆஸ்பத்திரிகளில் இருக்கும் விஷமுறிவு ஊசிகளில் பெரும்பகுதிக்கு மூலப்பொருள், பல வருடங்களாக இந்த வடநெம்மேலிப் பானைகளிலிருந்துதான் போயிருக்கிறது. ராஜஸ்தானில் பாம்பு கடித்த ஒரு விவசாயி பிழைத்து எழுந்தால், அதில் காஞ்சிபுரம் மாவட்டத்து வரப்பு ஒன்றுக்கும் பங்கு உண்டு.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. ராஜஸ்தான் பாம்பின் விஷமும் நம்ம ஊர்ப் பாம்பின் விஷமும், ஒரே இனமாக இருந்தாலும், அச்சு அசலாக ஒன்று அல்ல. நம் பாம்பின் விஷத்தில் செய்த மருந்து தூரத்து ஊர்களில் சில சமயம் முழு வேகத்தில் வேலை செய்வதில்லை என்று பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. 2000-லிருந்து 2019 வரை இந்தியாவில் ஆண்டுக்குச் சராசரியாக 58 ஆயிரம் பேர் பாம்புக்கடியால் இறந்திருக்கிறார்கள் என்கிறது ஒரு பெரிய ஆய்வு. ஃபேரர் வாங்கிய கணக்கைப் போல ஐந்து மடங்கு! பாம்பு பெருகிவிடவில்லை. ஜனத்தொகை பெருகியிருக்கிறது, அதோடு சாவுகளைச் சரியாக எண்ணத் தெரிந்துகொண்டோம்.

2017 ஜனவரியில் இருளர்களில் இரண்டு பேர் விமானம் ஏறினார்கள். மாசி சடையன், வடிவேல் கோபால். போனது அமெரிக்காவின் ஃப்ளோரிடாவுக்கு. அங்கே செல்லப்பிராணியாக வளர்த்து, அலுத்துப்போய் விட்டுவிட்ட பர்மிய மலைப்பாம்புகள் சதுப்புக்காட்டில் பெருகி, முயலையும் மானையும் விழுங்கிக்கொண்டிருந்தன. அமெரிக்கர்கள் ரேடியோ, மோப்ப நாய், பரிசுப் போட்டி என்று எல்லாம் முயன்று பார்த்துச் சோர்ந்திருந்தார்கள். நம்மவர்கள் புல்லைப் பார்த்தார்கள், தடத்தைப் பார்த்தார்கள். அந்த மாதத்திலேயே 13 மலைப்பாம்பு! அதில் ஒன்று 16 அடி. கைவிடப்பட்ட பழைய ஏவுகணைத் தளத்தின் குழிக்குள்ளிருந்து இழுத்தது. ஊரில் பாம்பை விட்டுவிடுகிற இவர்கள் பிடித்துக்கொடுத்த பாம்புகளை அங்கே கொல்ல வேண்டியிருந்தது. அந்த மண்ணுக்கு அது அந்நியன். 2023-ல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. விட்டேகருக்கு 2018-லேயே வந்துவிட்டது. குருக்களுக்கு ஐந்து வருஷம் லேட்!

சரி, உங்கள் தண்ணீர்த் தொட்டிக்குத் திரும்புவோம். டியூப் இன்னும் அங்கேதான் இருக்கிறது.

கிட்டே போகாதீர்கள். நன்றாகத் தள்ளி நின்று, அது எங்கே போகிறது என்று மட்டும் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கட்டும். குழந்தைகளும் நாயும் வீட்டுக்குள். 101-க்கு போன் போட்டுத் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். தீ மட்டுமல்ல, பாம்பும் அவர்கள் வேலைதான். வனத்துறையையும் கூப்பிடலாம். யூடியூபில் பார்த்துவிட்டு நீங்களே குச்சியால் பிடிக்கப் போனால், அடுத்த போன் 108-க்குப் போடவேண்டி வரும்.

பிடித்தவர் பாம்பை எங்கே விடுகிறார் என்று கேளுங்கள். 'ரொம்ப தூரத்தில், காட்டில் விட்டுட்டோம் சார்' என்றால் சந்தோஷப்படாதீர்கள். கர்நாடகாவில் ஆகும்பே காட்டில், இடம் மாற்றி விடப்பட்ட ராஜநாகத்தின் உடம்பில் ரேடியோ வைத்துப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். அது விட்ட இடத்தில் தங்கவில்லை. எங்கெங்கோ அலைந்தது. பழக்கமில்லாத ஊரில் எலி எங்கே, வளை எங்கே, எதிரி எங்கே என்று தெரியாத பாம்புக்கு, நள்ளிரவில் கோயம்பேட்டில் இறக்கிவிடப்பட்ட ஆளின் கதிதான். பக்கத்திலேயே, மனித நடமாட்டம் குறைந்த ஏரிக்கரைப் புதரில் விடுவதுதான் அதற்கு நல்லது.

'அப்படின்னா திரும்பி வந்துடாதா?' வரலாம். உங்கள் வீட்டில் எலி இருந்தால் வரும். அது வந்தது உங்களைப் பார்க்க அல்ல. பின்பக்கம் அடுக்கிவைத்த உடைந்த டைல்ஸ், மூடியில்லாத குப்பைத் தொட்டி, நாய்க்கு வைத்து மிச்சமான சோறு... இவை எலியைக் கூப்பிடும். எலி பாம்பைக் கூப்பிடும். இருளர்களுக்கு இது பழைய பாடம். வயலில் எலி வளையைப் புகை போட்டுக் காலி செய்வதும் அவர்கள் தொழில்தான். வளைக்குள் எலி சேர்த்து வைத்த நெல் அவர்களுக்குக் கூலி. டைல்ஸை நகர்த்துங்கள். கதவடியில் இருக்கும் சந்தை அடையுங்கள். கழிவுநீர்க் குழாய் வாய்க்கு ஒரு கம்பிவலை போடுங்கள்.

நசரத்பேட்டையில் வரப்புகள் குறைந்து பிளாட்டுகள் பெருகுகின்றன. வடநெம்மேலிக்குப் பாம்பு கொண்டுவருகிறவர்களுக்கும் அதே கவலை. வயல் குறையக் குறைய நடை தூரம் கூடுகிறது. பிள்ளைகளில் பலர் கட்டட வேலைக்குப் போகிறார்கள். ஒருவேளை உங்கள் காம்பவுண்டு சுவரை எழுப்பியதும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். போகாதவர்கள் இன்றும் விடியற்காலையில் கடப்பாரையோடு கிளம்புகிறார்கள். வளையைத் தோண்டி, வாலைப் பிடித்து வெளியே இழுத்ததும், முதலில் புரட்டி வயிற்றைப் பார்ப்பார்கள். செதில் நறுக்கியிருந்தால், ''இது ஏற்கெனவே வந்துட்டுப் போன ஆளுப்பா'' என்று அந்த இடத்திலேயே கீழே விட்டுவிட்டு அடுத்த வளைக்கு நடப்பார்கள்.