ஓலைப் பல்லி

பலெர்மோவில் எம்மவர் பலருக்குக் கைதான் முதல். வீடு துடைப்பதும் முதியோரைத் தூக்கி இருத்துவதும் பெருவிரல் இல்லாமல் நடக்கிற காரியமல்ல. ஈரத் தரையில் வழுக்கி, உள்ளங்கையை ஊன்றி விழுந்து பெருவிரல் மூட்டு விலகினால், 'கத்தி வைப்பார்கள்' என்ற பயத்தில் பக்கத்தில் நிற்பவரிடமே கையை நீட்டி 'இழுத்து விடு' என்கிறோம். இந்த இழுவைக்கு நீண்ட சரித்திரம் உண்டு.

கிறிஸ்துவுக்கு முன் கிரேக்கத்தில் எழுந்த, ஹிப்போக்கிரட்டஸ் பெயரில் வழங்கும் மூட்டுகள் பற்றிய நூலில், விலகிய விரலைப் பூட்ட 'பல்லி' என்றொரு கருவி வருகிறது. பேரீச்சை ஓலையில் பின்னியது. ஒரு கையால் அதையும் மறு கையால் மணிக்கட்டையும் பிடித்து இழுக்க வேண்டும். பனையோலையில் பெட்டியும் சுளகும் இழைத்த எமது பாட்டிமாருக்கு அது அந்நியமாகப் பட்டிராது.

சிசிலியிலும் எலும்பு பூட்டும் நாட்டு வைத்தியன் இருந்தான், 'கொன்சாஒஸ்ஸா' என்பார்கள். பலெர்மோ வைத்தியர் ஜுசெப்பே பித்ரே 1896இல் இந்தத் தீவின் நாட்டு வைத்தியத்தை நூலாகவே எழுதி வைத்தார். எமக்கு அதில் கொஞ்சம் பொறாமைதான். எங்கள் முறிவு நெரிவு வைத்தியரின் கைப்பக்குவம் பெரும்பாலும் தகப்பனிடமிருந்து மகனுக்கு விரல் வழியே போனது.

ஆனால் பெருவிரலின் அடிமூட்டு இழுவைக்கு எப்போதும் இணங்குவதில்லை. 19ஆம் நூற்றாண்டு வைத்தியர்களை அது நன்றாக அலைக்கழித்தது. பாரிசின் உடற்கூற்றியலாளர் ஃபாராபெஃப் 1876இல் இதை விளக்கினார். விரல் பின்பக்கமாக விலகியிருக்கையில் நேரே இழுத்தால், மூட்டின் உள்ளங்கைப் பக்கத்துத் தடித்த சவ்வு இரண்டு எலும்புக்கும் நடுவே போய்ச் சிக்கிக்கொள்ளும். கையாலேயே பூட்டக்கூடிய மூட்டு, அதன்பின் கத்தியில்லாமல் திரும்பாத மூட்டாகிவிடும். கத்திக்குப் பயந்து இழுத்த இழுவையே கத்தியைக் கொண்டுவருகிறது!

இன்றைய முறையும் அதையொட்டியதே. எக்ஸ்ரே எடுத்து, விரலை மரக்கச் செய்து, மணிக்கட்டை மடக்கி விரல் நாரைத் தளர்த்துவார்கள். பிறகு விரலை இன்னும் பின்னே சாய்த்து, அதன் அடியெலும்பை மற்ற எலும்பின் தலைமேல் உரசியபடியே முன்னே தள்ளுவார்கள். இழுப்பதல்ல, தள்ளுவது. பூட்டியதும் மூட்டு பக்கவாட்டில் ஆடுகிறதா என்று பார்த்து, சில கிழமைகளுக்குக் கட்டுப் போடுவார்கள். பக்கத்துக் கட்டுநார் முற்றாக அறுந்திருந்தால் மட்டும் பேச்சு வேறு.

கடதாசி இல்லாதவர்கள் அவசரப் பிரிவின் வாசலில் தயங்குவது எமக்குத் தெரியும். 1998இன் குடிவரவுச் சட்டம் அவர்களுக்கும் அவசர சிகிச்சையை உரிமையாக்கியது. கடதாசி இல்லை என்பதற்காக வைத்தியசாலை பொலிசுக்கு அறிவிப்பதையும் தடுத்தது. மொந்தே பெல்லெக்ரீனோ ஏறி சாந்தா ரொசாலியாவிடம் நேர்த்தி வைப்பதை ஞாயிற்றுக்கிழமை செய்யலாம். விலகிய மூட்டு ஞாயிறுவரை காத்திராது. நாள் போகப் போகக் கையால் பூட்டுவது கடினமாகும்.