கடல்மட்ட உயர்வின் வேகவளர்ச்சி கண்டறியப்பட்ட வரலாறு

சமுத்திரத்தின் மட்டம் உயர்ந்து வருகிறது என்பது துறைமுகங்களில் நாட்டப்பட்ட ஓதமானிகளின் நெடுங்காலக் குறிப்புகளால் இருபதாம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்த செய்தியாயினும், அவ்வுயர்வின் வேகமும் ஆண்டுக்காண்டு கூடி வருகிறதா என்னும் வினாவுக்கு அக்கருவிகளைக் கொண்டு மட்டும் தெளிவான விடை காண்பது அரிதாயிருந்தது. அவை நிற்கும் நிலமே நிலையானதன்று. ஸ்டாக்ஹோமில் பனியுகச் சுமை நீங்கிய பூமி இன்றளவும் மேலெழுந்துகொண்டிருக்கிறது. மணிலாவிலோ நிலத்தடி நீரை மிகுதியாக இறைத்ததன் விளைவாகத் தரை தாழ்கிறது. நடுச்சமுத்திரத்தில் ஓதமானி நாட்டத் தீவுகளைத் தவிர இடமும் இல்லை.

1978இல் ஏவப்பட்ட ஸீசாட் என்னும் செயற்கைக்கோள் மின்சுற்றுப் பழுதினால் ஏறத்தாழ மூன்றரை மாதத்தில் செயலிழந்தபோதிலும், வானிலிருந்து ராடார் அலையை விடுத்து, அது கடற்பரப்பில் பட்டு மீளும் நேரத்தைக் கொண்டு கடல்மட்டத்தை அளத்தல் சாத்தியமே என்பதை மெய்ப்பித்துவிட்டே மறைந்தது. அம்முறையைப் பூரண நிலைக்குக் கொண்டுவந்தது, நாசாவும் பிரெஞ்சு விண்வெளி நிறுவனமும் கூடி 1992 ஆகஸ்டில் அனுப்பிய டோபெக்ஸ்-பொசைடன் ஆகும். 1,336 கிலோமீட்டர் உயரத்திலிருந்து சென்று மீள அலைக்குப் பிடிப்பது ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒன்பது பங்கே. அந்நேரத்திலிருந்து காற்றின் ஈரமும் அயனிமண்டலமும் விளைக்கும் தாமதத்தைக் கழித்து, கடலின் ஏற்றவற்றத்தையும் நீக்கி, பத்து நாட்களுக்கொரு முறை உலகச் சமுத்திரங்களின் சராசரி மட்டத்தைச் சில மில்லிமீட்டர் நுட்பத்தில் விஞ்ஞானிகள் கணித்தார்கள்.

இத்தகைய கருவியையும் அவர்கள் அப்படியே நம்பிவிடவில்லை என்பதே என் கருத்தில் இவ்வரலாற்றின் சிறப்பு. கலிபோர்னியாக் கரைக்கப்பால் ஹார்வெஸ்ட் என்னும் எண்ணெய்த் துரப்பண மேடைக்கு நேர்மேலே செயற்கைக்கோள் கடக்கும் தருணத்தில், அம்மேடையிலுள்ள கருவிகள் காட்டும் நீர்மட்டமும் வானிலிருந்து அளந்த மட்டமும் ஒத்துப்பார்க்கப்பட்டன. முதல் ராடார் நாளடைவில் தளர்வுற்றமையால் 1999 பிப்ரவரியில் மாற்று ராடாருக்கு மாறினார்கள். அத்தளர்வின் முழு விளைவு வெளிப்பட மேலும் பல ஆண்டுகள் சென்றன. டாஸ்மேனியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கிறிஸ்டபர் வாட்சனும் அவர் குழுவினரும், நிலத்தின் அசைவைக் கழித்த ஓதமானிக் குறிப்புகளோடு ஒப்பிட்டு, முதல் ஆறாண்டுகளின் உயர்வு மிகையாகக் கணக்கிடப்பட்டிருந்தது என்று 2015இல் நிறுவினர். தொடக்கம் மிகையாயிருந்தபடியால், பின்னர் நேர்ந்த வேகவளர்ச்சி கண்ணுக்குப் புலப்படாமலே போயிற்று.

அவ்வேகவளர்ச்சியை மறைத்த மற்றொன்று எரிமலை. செயற்கைக்கோள் ஏவப்படுவதற்குப் பதினான்கு மாதங்களுக்கு முன், 1991 ஜூனில், பிலிப்பைன்ஸ் தேசத்துப் பினாட்டுபோ மலை வெடித்துக் கக்கிய கந்தகத் துகள்கள் சூரிய வெப்பத்தைத் தடுக்க, சமுத்திரம் குளிர்ந்து சுருங்கித் தன் மட்டத்தில் சற்றே தாழ்ந்தது. அத்தாழ்விலிருந்து மீண்ட உயர்வும் சேர்ந்தே அளவையின் முதலாண்டுகளில் பதிவாயிற்று. அத்தாழ்வைச் செயற்கைக்கோள் நேரே கண்டதில்லை. ஆராய்ச்சியாளர் ஜான் ஃபசுல்லோவும் அவர் சகாக்களும், சிறிதே வேறுபட்ட ஆரம்ப நிலைகளிலிருந்து பன்முறை ஓட்டிய சீதோஷ்ண மாதிரிக் கணிதத்தைக் கொண்டு 2016இல் அதனை வெளிப்படுத்தினர்.

இவ்விரு திரைகளும் விலகிய பின், ஸ்டீவ் நெரெம் தலைமையிலான ஆராய்ச்சியாளர் 2018இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆண்டுக்கு ஏறக்குறைய 3 மில்லிமீட்டராயிருந்த உயர்வின் வேகம் ஆண்டுதோறும் 0.084 மில்லிமீட்டர் கூடி வருகிறது. எண் சிறிதெனினும், அப்படியே தொடருமாயின் 2005ஆம் ஆண்டின் மட்டத்தைவிட 2100இல் கடல் சுமார் 65 சென்டிமீட்டர் உயர்ந்து நிற்கும். வேகம் கூடாதிருப்பின் விளையும் உயர்வைப்போல் இரு மடங்குக்கும் இது மேற்பட்டது. புயலில் பொங்கும் நீர் இவ்வுயர்வின்மேல் ஏறி வருவதாகையால், தாழ்ந்த கழிமுகங்களில் வாழும் கோடிக்கணக்கான மக்களுக்கு இது வீட்டையும் வயலையும் பற்றிய கணக்கு. பூமியின் ஈர்ப்பு மாறுதலை 2002 முதல் அளந்த கிரேஸ் இரட்டைக் கோள்கள், கிரீன்லாந்திலும் அண்டார்க்டிகாவிலும் பனிப்பாளங்கள் எடையிழந்து வருவதைக் காட்டியமையால் வேகவளர்ச்சியின் பிரதான காரணமும் துலங்கியது. அப்பனிப்பாளங்கள் மேலும் விரைந்து சரியக்கூடுமாதலால், 65 என்னும் எண்ணை மேல்வரம்பாகக் கொள்ள அவ்வாராய்ச்சியாளரே ஒப்பவில்லை.

ஒரு கோளிலிருந்து மற்றொரு கோளுக்கு அளவை கைமாறும்போது பழைய பிழை போன்றதொன்று மீண்டும் நுழையாதிருக்கும்பொருட்டு, டோபெக்ஸ்-பொசைடனைத் தொடர்ந்து வந்த ஜேசன் வரிசையில் ஒவ்வொரு புதிய கோளும் தன் முன்னோடியின் பாதையிலேயே சில மாதங்கள் பறக்கவிடப்படுகிறது. 2020 நவம்பரில் ஏவப்பட்ட சென்டினல்-6 ஓராண்டுக்கும் மேலாகத் தன் முன்னோடியான ஜேசன்-3ஐ 30 வினாடி இடைவெளியில் பின்தொடர்ந்து, இரண்டும் ஒரே நீர்ப்பரப்பை அளந்தன.